பாட்டில் காலியாகும் வரை

வீரபாண்டி பிரிவில் கருப்புசாமியின் பேக்கரி இருக்கிறது. பேர்தான் பேக்கரி. அங்கே பன் தின்கிறவர்களைவிட வேனுக்காக நிற்கிறவர்களே அதிகம். பனியன் கம்பெனி வேன்கள் பகல் ஆட்களை அங்கே இறக்கிவிடும். சாயப்பட்டறை வேன்கள் ராத்திரி ஆட்களை அங்கேதான் ஏற்றிக்கொள்ளும். விஜயராணியின் குடும்ப வாழ்க்கை இந்த இரண்டு வேன்களுக்கு நடுவில்தான் நடந்துகொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

அவள் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறவள். காலையில் போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். புருஷன் முனீசுக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை. அவன் வீடு வந்து சேரும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அவள் மூடி வைத்த குழம்பை அவன் சுடவைத்துச் சாப்பிடுவான். அவன் சுருட்டி வைத்த பாயை விரித்து அவள் படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அன்றைக்கு இவளுக்கு அவசர ஷிப்மென்ட் இருக்கும், இல்லாவிட்டால் அவன் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். மகன் அமராவதி நகர்ப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் படிப்பு முடிகிறவரை இப்படித்தான் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்தது அந்தப் பேக்கரி வாசல்தான். விஜயராணி வேனிலிருந்து இறங்கும்போது முனீஸ் ஆரஞ்சு கலர் ஒன்றைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பான். கண்ணாடிப் பாட்டில். குடித்து முடித்துக் காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். அதில்தான் சூட்சுமம். சாயப்பட்டறை வேன் ஓட்டும் தங்கராஜ் கொங்கு மனுஷன். சாப்பிடுகிறவனையோ குடிக்கிறவனையோ பாதியில் எழுப்பமாட்டார், அது அவர் வளர்ந்த விதம். வெறுமனே பேசிக்கொண்டு நிற்கிறவனைக் கண்டால் மட்டும் ஆரன் அடித்தே கொன்றுவிடுவார். “பேச்செல்லாம் ஊட்டுல வெச்சுக்கோங்கப்பா, நேரமாச்சு” என்பார்.

முனீஸ் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவான். “இன்னும் இருக்குண்ணே.”

பாட்டில் கைமாறிக்கொண்டே இருக்கும். மகன் போனில் சொன்னது, மோட்டார் ரிப்பேர், ஊரில் யாருக்குக் கல்யாணம், எல்லாம் அதற்குள் பேசியாக வேண்டும். விஜயராணி உதட்டில் வைத்துவிட்டுக் குடிக்காமலே திருப்பிக் கொடுப்பாள். பேச்சு முடியாத நாளில் அவன் இன்னொரு பாட்டில் வாங்கிவிடுவான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் குடும்பத்தோடு மருத்துவ முகாம் என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த முனீசை இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அவனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், முதலில் இனிப்பாகக் குடிக்கிறதை நிறுத்தச் சொன்னார். இவனுடைய அப்பா சர்க்கரையில்தான் காலை இழந்து, பிறகு ஆளும் போனவர். விஜயராணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் சித்ரகலா என்ற பெண் வகுப்பெடுக்க வந்தாள். எதை எப்படிச் சாப்பிடலாம் என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவள். அதட்டத் தெரியாத பெண். ஆரஞ்சு கலர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தாள். அதற்குள் இருக்கும் சர்க்கரையை ஒரு டீ கிளாசில் கரண்டி கரண்டியாகப் போட்டுக் காட்டினாள். பெண்கள் முதலில் சிரித்தார்கள். பாதி கிளாஸ் நிறைந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

“யார் யார் எப்பக் குடிக்கறீங்க, எதுக்குக் குடிக்கறீங்கன்னு சொல்லுங்க்கா” என்று கேட்டாள் சித்ரகலா.

“மத்தியானத்துல கண்ணச் சொக்குமுங்க, அதுக்குத்தான்” என்றாள் பக்கத்து டேபிள் ராமாத்தாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். விஜயராணியின் முறை வந்தது. புருஷனைப் பார்க்க என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? “தாகத்துக்குத்தாங்க” என்று சொல்லிவிட்டாள்.

தாகம் என்றால் அதற்குத் தண்ணீர்தானே பதில். சித்ரகலா அதைத்தான் சொன்னாள். விஜயராணியும் பெரிய எவர்சில்வர் பாட்டிலாக வாங்கி முனீசிடம் கொடுத்தாள். “இனிமே கலர் வேண்டாங்க. எம்மேல சத்தியம்” என்றாள். அவன் சரியென்றான். சொன்ன சொல் தவறாத ஆள், பாவம், அதுவே வினையாகிவிட்டது.

எவர்சில்வர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வேனில் உட்கார்ந்தும் குடிக்கலாம். தண்ணீரைக் குடித்து அதைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். தங்கராஜ் ஆரன் அடித்தார். முனீஸ் வேனைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், ஏறிவிட்டான். மறுநாளும் அப்படியே. “சாப்பிட்டீங்களா?” என்று இவள் கேட்பாள். அவன் தலையாட்டுவதற்குள் வேன் நகர்ந்துவிடும்.

அவனுக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. அதில் இவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாயை விரித்ததும் அழுகை வந்தது. தலையணையில் அவன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசம் இருந்தது, ஆள் இல்லை. ஒரே ஊரில், ஒரே வீட்டில், கட்டின புருஷனுக்காக இப்படி ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். மாமனாரின் கால் நினைவுக்கு வரும். வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சித்ரகலா மறுபடியும் வந்தாள். “தண்ணி பாட்டில் எப்படிங்க்கா போவுது?”

“நல்லாப் போகுது” என்று ஆரம்பித்தவள் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தாள். வெட்கமாவது ஒன்றாவது. “நாங்க தாகத்துக்குக் குடிக்கலம்மா. பேசுறதுக்குத்தான் குடிச்சோம். பாட்டில் இருந்தாத்தான் அவரு நிப்பாரு. இப்ப அவரு மொகத்தப் பாத்துப் பேசியே எத்தனையோ நாளாச்சு” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். ராமாத்தாள் முறைத்த முறைப்பில் அது அடங்கியது. அவள் வீட்டுக்காரரும் நைட் ஷிஃப்ட்தான்.

சித்ரகலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லீங்க்கா” என்றாள். பிறகு, “அந்தக் கடையில கண்ணாடிப் பாட்டில்ல வேற என்னங்க கிடைக்கும்?” என்று கேட்டாள்.

“வெறும் சோடா இருக்கு.”

“எலுமிச்சம்பழம் புழிஞ்சு அதைக் குடிங்க. சர்க்கரை மட்டும் வேண்டாமுங்க.”

அன்று ராத்திரி விஜயராணி வேனிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினாள். முனீஸ் வாயைத் திறக்கும் முன் சோடா வாங்கி, பழத்தைப் பிழிந்து அவன் கையில் திணித்தாள். ஒரு வாய் குடித்தவனுக்கு முகம் கோணிப்போயிற்று.

“என்ன புள்ள இது, பல்லெல்லாம் கூசுது.”

“கூசட்டும். மெதுவாக் குடிங்க.”

அவனுக்குப் புரிந்தது. பாட்டிலைப் பார்த்தபடியே, “நீ நாள்பூரா நின்னுட்டு வாரவ. இங்கயும் நிக்கிறது ஒனக்குச் சடைப்பா இருக்கு, அதான் நிறுத்தச் சொல்லிட்டன்னு நெனச்சேன்” என்றான்.

விஜயராணிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “விடிய விடிய நிக்கச் சொன்னாலும் நிப்பேன்” என்றாள்.

வேன் வந்தது. தங்கராஜ் ஆரனில் கை வைத்தார். முனீஸ் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். “இன்னும் இருக்குண்ணே.” அவர் கையை எடுத்துக்கொண்டார்.

புளிப்பில் மடக் மடக்கென்று குடிக்க முடியவில்லை. கலரைவிட அது நெடுநேரம் வந்தது. மகனுக்குக் குரல் உடைந்திருப்பதை அவள் சொன்னாள். அப்படியா, அப்படியா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். கடைசி வாயை அவளிடம் நீட்டிவிட்டு வேனில் ஏறினான். வேன் பல்லடம் ரோட்டில் திரும்பி மறையும்வரை ஜன்னலில் அவன் கை தெரிந்தது.

அவள் அந்தக் கடைசி வாயைக் குடித்தாள். பாட்டில் காலி.

“குடிச்சாச்சுங்களா அம்மிணி? பாட்டிலைக் குடுத்தீங்கன்னா கிரேட்ல வெச்சிருவனுங்க” என்று கருப்புசாமி கை நீட்டினார்.

விஜயராணி பாட்டிலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்குண்ணே” என்றாள்.