பொட்டணியோடு வார்டுக்குள்

கொட்டாஞ்சேனையில் ஹபீலாவைத் தெரியாத முஸ்லிம் வீடு கிடையாது. அவள் வாசலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்ட வீடும் கிடையாது. பெண்கள் யாராவது மவுத்தானால், உயிர் போன அந்த மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்திக் கொடுப்பவள் அவள்தான். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தபின், கைக்குழந்தையோடு நின்ற நாளில் இந்த வேலையில் ஓர் ஆள் குறைந்தது, போய் நின்றுகொண்டாள். நடுவே இடியப்பம் அவித்து விற்றும் பார்த்தாள். அந்தக் கை பிசைந்த மா யாருக்கும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அவளுடைய தொழில் முழுவதும் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டணிக்குள் அடக்கம். கற்பூரம், சந்தனம், இலந்தை இலைத் தூள், ஒரு கத்தரிக்கோல், கைக்குப் போட்டுக்கொள்ளும் துணிப் பைகள். பொட்டணி இல்லாமல் தெருவில் போனால் "ஹபீலா ராத்தா, சுகமா?" என்பார்கள். பொட்டணியோடு போனால் அதே ஆட்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். யார் வீட்டில் விழுந்தது என்று கேட்கக்கூட மாட்டார்கள்; கேட்டால் அவள் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று பயம். போகப்போகும் ஆள் யார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஒரு கதையும் ஊரில் உலவியது. அதில் உண்மை இல்லை. இல்லை என்று அவளும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியும் என்ன, நம்பவா போகிறார்கள்?

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், மழை விட்ட கையோடு நெருப்புக் காய்ச்சல் என்னும் டைபாய்டு கொழும்பைப் பிடித்தது. ஹபீலாவுக்கு வேலை கூடியது. அதற்குள் அவளுடைய ஒரே மகள் பலீலாவும் காய்ச்சலில் விழுந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரைக் கூப்பிட அவளுக்கு வழியில்லை. பிள்ளையை ரிக்ஷாவில் போட்டு, சனம் தர்மாஸ்பத்திரி என்று சொல்லும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அந்தத் தர்மத்தைப் பற்றி அந்த நாட்களில் கடைக்குக் கடை வாக்குவாதம். நாட்டில் இருக்கிற எல்லோருடைய வருத்தத்துக்கும் அரசாங்கமே செலவழிக்க வேண்டும் என்று ஒரு கட்சி. சும்மா கொடுத்தால் சனம் தடிமன் சளிக்கும் போய்ப் படுத்துக்கொள்ளும், கட்டில் எங்கே மிஞ்சும் என்று இன்னொரு கட்சி. புடவைக்கடை ஸாலிஹ் முதலாளி முதல் கட்சி. "வரி கட்டுறது நான். அந்தக் கட்டில்ல ஒரு காலு என்ட" என்பார். அவர் மனைவி ஜவாஹிறாவுக்கும் காய்ச்சல் வந்தபோது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வசதியுள்ளவர்களிடம் கொஞ்சம் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, கோட்டையும் தொப்பியையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, பழைய சாரம் உடுத்துப் போய், கடைச் சிப்பந்தி என்று பதிந்து மனைவியைச் சேர்த்துவிட்டு வந்தார். அப்படித்தான் முதலாளி மனைவியும் மய்யித்துக் குளிப்பாட்டுகிறவளின் மகளும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள்.

ஹபீலா முதல் தடவை பார்க்கப் போனது மருதானையில் ஒரு மவுத்து வீட்டில் வேலை முடிந்த கையோடு. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் நோயாளரைப் பார்க்கும் நேரம் கழிந்துவிடும். அப்படியே டிராமில் ஏறிவிட்டாள்.

வார்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கும்போது சந்தைபோலச் சத்தம். நாலு எட்டு வைப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. இருமிக்கொண்டிருந்தவள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஹபீலா இரண்டு வரிசைக்கும் நடுவே நடக்க நடக்க, இருபுறமும் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டன. அது ஏன் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. மய்யித்தின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் தன் முதல் வேலை என்பது நினைவுக்கு வந்ததும், கையைப் பார்த்தாள். பொட்டணி இருந்தது.

பலீலா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள், யாரையும் பார்க்கவில்லை. உதட்டில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. இரண்டு கை விரல்களும் ஓயாமல் போர்வையைக் கிள்ளிக்கொண்டேயிருந்தன, இல்லாத நூலைப் பொறுக்குவதுபோல. இந்த விரல்கள் ஓய்ந்தபின் எப்படி இருக்கும் என்பது ஹபீலாவுக்குத் தெரியும்.

"யாரும்மா அது? எனக்குக் காலு மட்டுந்தான் தெரியுது" என்றது கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு குரல்.

ஹபீலா திடுக்கிட்டுக் குனிந்தாள். கட்டிலின் கீழே பாயில் ஒருத்தி படுத்திருந்தாள். ஆறாயி என்று பெயர். முனிசிப்பாலிட்டியில் தெருக்கூட்டும் பெண். கட்டில் நிறைந்தால் பிறகு வருகிறவர்களைக் கீழே கிடத்துவது அங்கே வழமை.

"மேல இருக்க புள்ள ராவெல்லாம் பேசுதும்மா. அது பேச, நான் பதில் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். எங்கள மாதிரி ஆளுகள வேற எங்க படுக்க விடுவாங்க? இங்க யாரையும் போன்னு சொல்றதில்ல. அதுதாம்மா சங்கடமும்."

நர்ஸ் ஐறீன் மிஸ்ஸி அந்தப் பக்கம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அந்த வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்தி.

"மிஸ்ஸி, புள்ளட ஒதடு காஞ்சி போய் ஈக்கிது. மேலெல்லாம் நெருப்பாக் கொதிக்கிது" என்றாள் ஹபீலா.

"தெரியுது அம்மா. இந்தக் காய்ச்சலுக்குக் கேக்கிற மருந்தெண்டு ஒண்டுமில்லை. தண்ணியாலை துடைச்சுத் துடைச்சுக் காய்ச்சலை இறக்கவேணும், கரண்டியாலை பார்லித் தண்ணி பருக்கவேணும். பக்கத்திலை இருந்து பாத்தால் பிழைக்கும். கவர்மெண்ட் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைச்சிருக்கு. எனக்கு ரெண்டு கைதானே."

"நான் இருந்து செய்யட்டா?"

"வெளி ஆக்களை இருந்து பாக்க விடேலாது. ஒட்டுற வருத்தம்."

மறுநாள் வெறுங்கையோடு போனாள். ஐந்தாறு கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆறாயி ஒரு கட்டிலில் ஏறிப் படுத்திருந்தாள். பலீலாவின் உதட்டில் பொருக்கு இல்லை. தலை வாரிப் பின்னியிருந்தது. உம்மா என்றுகூட ஒரு தரம் சொன்னாள். ஹபீலாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"நேற்று மய்யித்துக் குளிப்பாட்டிற மனுசி ஒண்டு இஞ்சை வந்தவவாம்" என்றாள் ஐறீன் மிஸ்ஸி, பலீலாவின் கழுத்தைத் துடைத்தபடி. "அதுக்குப் பயந்து கொஞ்சப் பேர் டிக்கெட் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போட்டினம். விசர்ச் சனம். ஆனா ஒண்டு, அதாலைதான் இவளுக்குப் பக்கத்திலை கொஞ்சம் இருக்க முடிஞ்சுது."

ஹபீலா தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

காலியான கட்டில் காலியாக இருந்தால் அது தர்மாஸ்பத்திரி இல்லையே. இரண்டு நாளில் ஹெந்தளைப் பக்கமிருந்து லொறியில் காய்ச்சல்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டிலில் இருவர், பாயில் ஒருவர் என்று வார்டு மறுபடி பிதுங்கியது. பலீலாவின் உதட்டில் பொருக்குத் திரும்பிவிட்டது. நனைந்த விரிப்பில் கிடந்தாள். விரல்கள் போர்வையைக் கிள்ளுவதும் குறைந்து, அவ்வப்போது மட்டும் அசைந்தன. ஐறீன் மிஸ்ஸி தூரத்தில் யாரையோ தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன. அவளைக் குறை சொல்ல ஹபீலாவுக்கு மனம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாத இடத்தில்தான் தன் பிள்ளை சாகப் போகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டிலும் மவுத்து இல்லை. ஹபீலா பகல் தொழுகையை முடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பொட்டணியைக் கட்டினாள். கற்பூரத்தைக் கொஞ்சம் நசுக்கித் தன் சேலையிலும் தேய்த்துக்கொண்டாள்.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல நடந்தாள். அவளுக்கு முன்னால் கற்பூர வாசம் போயிற்று. பேச்சு நின்றது, பாதங்கள் உள்ளே போயின, சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூடவந்த உறவுக்காரர்கள்கூட வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தமிழ் தெரியாத சிங்களப் பெண்கள் பக்கத்துக் கட்டிலில் என்ன என்று கேட்டார்கள். பதில் காதோடு காதாகப் போனது. ஹபீலா யார் முகத்தையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜவாஹிறாவின் கட்டில் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்த நேரம். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய வீட்டுப் பெண் எழும்பிப் போனால் மற்றவர்கள் தாமாகப் போவார்கள். இதை ஹபீலா டிராமில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். கால்மாட்டில் நின்றாள். பொட்டணியின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். மறுபடி இறுக்கிக் கட்டினாள். ஜவாஹிறா மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஸாலிஹ் முதலாளி கோட்டும் தொப்பியுமாகக் காரில் வந்து மனைவியை அழைத்துப் போனார். அவர் பின்னால் ரிக்ஷாக்கள். வார்டில் முக்கால்வாசி காலி. வாசலில் சொன்ன கதை கேட்டுப் புதிதாக வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். ஐறீன் மிஸ்ஸி பலீலாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஈரத்துணியும் கையுமாக அந்தப் பிள்ளையைக் கரை சேர்த்தாள். ஆறாயியும் பிழைத்தாள். ஹபீலா போகும்போதெல்லாம் மகளின் விரல்களைத்தான் முதலில் பார்ப்பாள். ஒரு நாள் அவை சும்மா மடியில் கிடந்தன; "உம்மா, பசிக்கிது" என்றாள் பலீலா.

அன்று ஹபீலா வீடு வந்து சேர்ந்தபோது, ஸாலிஹ் முதலாளியின் கார் வாசலில் நின்றது.

"வீட்டுல வரச்சென்னாங்க" என்றான் டிரைவர்.

"எப்ப மவுத்து?" வாய் தன் வழக்கப்படி கேட்டுவிட்டது.

"மவுத்து இல்ல. ஹயாத்தோட ஈக்கிறாங்க. அவங்கதான் ஒங்களக் கூட்டி வரச்சென்னாங்க."

உயிரோடு இருக்கும் ஒருவர் அவளைக் கூப்பிட்டனுப்பியது அதுவரை நடந்ததில்லை. பொட்டணியைத் தொடாமல் காரில் ஏறினாள்.

ஜவாஹிறாவின் அறையில் அத்தர் வாசமும் சூப்பு வாசமும் கலந்திருந்தன. ஊசி போடும் டாக்டர் காலையும் மாலையும் வந்து போயிருக்கிறார். ஆனால் அவர் போனபின் அவள் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்க்க ஆளில்லை. பாசம் மிகுந்த சொந்தக்காரர்கள் பத்தியம் கிடந்த உடம்பு தேறட்டும் என்று இறைச்சியும் சோறும் ஊட்டியிருக்கிறார்கள். வெந்து புண்ணான குடல் தாங்கவில்லை. வயிறு பலகைபோல் விறைத்திருந்தது. ஸாலிஹ் முதலாளி தலைமாட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோவிச்சிக்காதீங்க ராத்தா, கொஞ்சம் முந்தியே கூப்பிட்டுட்டேன்" என்றாள் ஜவாஹிறா. மூச்சு விட்டு விட்டு வந்தது. "ஒண்டு கேக்கணும். அண்டைக்கி என்ட கட்டிலுக்கிட்ட நிண்டீங்களே. ஒங்களுக்குத் தெரிஞ்சிதானே நிண்டீங்க?"

இப்போது பொய் சொல்ல ஹபீலாவால் முடியவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது. எப்பவும் தெரிஞ்சதில்ல. என்ட புள்ளயப் பாக்க மிஸ்ஸிக்குக் கை காணல்ல. நீங்கெல்லாம் எழும்பிப் போகணுமெண்டுதான் வந்தேன். ஒங்களப் பயங்காட்டத்தான் முடிச்ச அவுத்துக் கட்டினேன். அங்கேயே ஈந்திருந்தா நீங்க இந்நேரம் நடப்பீங்க." அவள் ஸாலிஹின் பக்கம் திரும்பினாள். "ஸாலிஹ் நானா, இப்பவும் காரை எடுங்க. அங்க கட்டில் ஈக்கிது. மிஸ்ஸி பாப்பாங்க. அல்லாட காவல், எடுங்க."

ஸாலிஹ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "டாக்டர் கையை விரிச்சிட்டார், ராத்தா" என்றார்.

ஜவாஹிறா சிரித்தாள். ஹபீலாவின் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். எந்த வீட்டாரும் அந்தக் கையை அதுவரை தொட்டதில்லை.

"எனக்கு இன்னம் நேரம் வரல்லேண்டு நம்பவைக்கத்தானே இப்பிடிச் செல்றீங்க? அதுக்காகப் பழிய ஒங்கட தலையில போட்டுக்கிறீங்களே. இவ்வளவு நல்ல மனசு ஈக்கிதுண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

"இல்ல, நான் செல்றது உண்மை..."

"என்ட மகள்ட கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டோம். ஒங்கள மட்டும் விட்டுட்டோம். நான்தான் வேணாமெண்டேன். அதப் பொறுத்துக்கோங்க ராத்தா. பொறுத்தேண்டு வாயால செல்லுங்க. இல்லாட்டி எனக்குப் போகேலாது."

அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஹபீலாவின் வாயையே பார்த்தார்கள்.

"பொறுத்தேன்" என்றாள் ஹபீலா.

ஜவாஹிறாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை போலும். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஹபீலா குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மறுபடியும் சொன்னாள்.