முந்திரிக் காலத்தில் முகச்சவரம்

எனக்கு எண்ணெய் வழியும் முகம். காலையில் கழுவித் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினால், அரியலூரில் இறங்குவதற்குள் மூக்கின் இரு பக்கமும் மினுங்கத் தொடங்கிவிடும். வேலையோ சிமெண்ட் ஆலையின் தர ஆய்வகத்தில். அங்கே மைதாவைவிட நைசான தூள் காற்றோடு கலந்தே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தோலில் அது உட்கார்ந்தால் எளிதில் எழுந்து போகாது. தலைக்கவசத்தின் வார் தாடையை உரசும் இடத்தில் சாயங்காலம் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழுந்திருக்கும்.

இதே முகத்தில் எனக்கு முடியும் வளரும். மேலுதட்டில் கொஞ்சம், மோவாயில் நிறைய, தாடையின் கீழ்ப்பக்கம் அங்கங்கே. கல்லூரியில் படிக்கும்போது பெரம்பலூரில் ஒரு பெண் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொன்னார். எண்ணெய், பரு, முடி மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று விளக்கினார். மாத்திரையில் பல தொல்லைகள் சரியாயின. முடி மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்தது. நூல் போட்டு எடுத்தால் எடுத்த இடமெல்லாம் பரு வந்தது. மெழுகு போட்டால் தோல் உரிந்தது. முடி நீக்கும் கிரீமில் கன்னம் எரிந்தது. கடைசியில் அதே மருத்துவர்தான் ரேசரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு, முனை மொட்டையாக வெட்டுப்படுவதால் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான் என்றார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. நறுக்கிய கம்பியின் முனை எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் நான்.

ஆனால் எண்ணெய் முகத்தில் எப்படிச் சவரம் செய்வது என்று சொல்லித்தர ஆளில்லை. பையன்களுக்கு அப்பாவோ சலூன்காரரோ இருக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. சோதனை தவறாக வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முகத்தையும் அப்படியே நடத்தினேன். முதலில் கழுவாமல் செய்து பார்த்தேன். எண்ணெய்மேல் நுரை நிற்காமல் வழுக்கியது, பிளேடில் பிசுக்கு ஏறியது, மறுநாள் தாடை முழுக்கச் சிவப்புப் பொரிகள். பிறகு காரமான சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டுச் செய்தேன். முகம் இறுக்கிப் பிடித்தது, மதியத்துக்குள் முன்னைவிட அதிகமாக எண்ணெய் சுரந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஃபேஸ்வாஷ், மெல்லிய ஜெல், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒரு இழுப்பு, பின் குளிர்ந்த தண்ணீர், தேய்க்காமல் துண்டால் ஒற்றுவது என்று ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. எண்ணெய்ப் பசையில்லாத லோஷன் ஒன்றைக் கடைசியில் தடவ வேண்டும் என்பதைத்தான் ரொம்ப நாள் நம்பாமல் இருந்தேன். ஏற்கெனவே வழிகிற முகத்துக்கு இன்னும் எதற்கு என்று நினைத்தேன். அதைச் சேர்த்த பிறகுதான் பொரி அடங்கியது.

இது என் அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்கு ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை முடிவானபோது, இதை அங்கே சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். பெண்ணுக்குத் தாடி முளைக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும் என்பது அவர் பயம். அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. அடுப்படியில் யாராவது என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த நொடி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது போல அடிக்கடி கற்பனை வரும். புகுந்த வீட்டில் யாரும் எழுவதற்கு முன் எழுந்து, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சவரம் செய்யப் பழகினேன்.

வீடு ஜெயங்கொண்டத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். கணவர் ஜெயங்கொண்டத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அடர்ந்த தாடி. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தத் தாடி ஆகவே ஆகாது. எழவு வீட்டுக்காரன் மாதிரி எதற்கு இந்தக் கோலம் என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்பார். கணவர் தாடியைத் தடவிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார். அத்தைக்கு வேலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முந்திரித் தோப்பில்.

நான் வந்த வருடத்து முந்திரிக் காலத்தில், பச்சை முந்திரிக் குழம்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான் பிறந்து வளர்ந்த பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான். முந்திரி எங்களுக்குக் கடையில் பாக்கெட்டில் கிடைப்பது. முற்றாத கொட்டையைப் பிளந்து, உள்ளேயிருக்கும் மெத்தென்ற பருப்பை எடுத்துக் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைப்பார்கள். நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த அத்தை, அதன் பிறகு அடிக்கடி ஒரு கூடை பச்சைக் கொட்டையோடு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கொட்டைத் தோலின் பால் பட்டால் சதை பொசுங்கும். அதனால் கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் அரிவார். முந்திரி அரிகிற காலத்தில் கொல்லைக் கொடியில் கிடக்கும் எந்தத் துணியையும் முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஒருநாள் விடியலில் சவரம் முடித்துப் பார்த்தால் என் துண்டு அறையிலேயே கிடந்துவிட்டது. கதவை லேசாகத் திறந்து, கொடியில் கையெட்டிய ஒரு துண்டை இழுத்து, என் வழக்கப்படி மேலுதடு, மோவாய், தாடை என்று பொறுமையாக ஒற்றிக்கொண்டேன். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. டீக் கறை என்று நினைத்தேன்.

அன்று வேலையில் லேசான அரிப்பு. மறுநாள் எழுந்தபோது மேலுதட்டிலும் மோவாயிலும் தாடை ஓரத்திலும் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்தது. கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் எப்போதும்போல மினுங்கிக்கொண்டு சுத்தமாக இருந்தன. கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு மையில் யாரோ எனக்குத் தாடி வரைந்தது போல இருந்தது.

அத்தை அக்கி என்றார். காவியில் அக்கி எழுதுகிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், கூட்டிவரச் சொல்கிறேன் என்று கிளம்பினார். கணவர்தான், எழுதுவதைப் பிறகு எழுதலாம், முதலில் டாக்டரிடம் போங்கள் என்று எங்கள் இருவரையும் ஜெயங்கொண்டத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனார்.

தோல் மருத்துவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். முகத்துக்கு என்னென்ன போடுகிறேன் என்று கேட்டார். ஃபேஸ்வாஷ், லோஷன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கோடு போட்ட மாதிரி இந்த இடத்தில் மட்டும் வந்திருக்கிறதே, இங்கே மட்டும் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். எனக்குப் பின்னால் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றுகொண்டிருந்தார். சொல்லாவிட்டால் வேறு எதற்கோ மருந்து தருவார் என்று தெரிந்தது. தவறான மாதிரியைக் கொடுத்துவிட்டுச் சரியான முடிவை எதிர்பார்க்க முடியாது.

"நான் ஷேவ் பண்ணுவேன் டாக்டர். அன்னிக்குப் பண்ணிட்டு, கொடியில கெடந்த துண்டால ஒத்திக்கிட்டேன்."

"அந்தத் துண்டுல என்ன இருந்துச்சு?"

பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. "பச்ச முந்திரி அரிஞ்சுட்டு நாந்தாங்க அதுல கையத் தொடச்சேன்."

மருத்துவருக்கு உடனே விளங்கிவிட்டது. சவரத்தில் தோலின் மேல்பரப்பு கொஞ்சம் சுரண்டப்பட்டிருக்கும், அதனால்தான் அங்கே இவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்றார். எண்ணெய் முகம் என்பதால் களிம்புக்குப் பதில் கிரீமாக எழுதினார். முழுக்க ஆறும் வரை பிளேடைத் தொடக் கூடாது என்றார்.

பஸ்ஸில் அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. நான் பயந்தது நடந்துவிட்டது, இனி இந்த மௌனத்தோடுதான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, கணவரிடம் யார் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். ஊர் நெருங்கும்போதுதான் கவனித்தேன், அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசையா திங்கிறியேன்னு அரிஞ்சேன். புள்ள மூஞ்சியப் பொசுக்கிப்புட்டனே."

அவர் மௌனத்தில் இருந்தது அதுதான். நான் அதற்குள் எதையெதையோ ஏற்றி வைத்திருந்தேன். உங்கள் தவறு இல்லை அத்தை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, எவ்வளவு நாளாக முடி வளர்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவனுக்குத் தெரியுமா என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். "நீயே சொல்லிக்க. நடுவுல நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து, இறங்குவதற்கு எனக்கு வழிவிட்டு நின்றார்.

அடுத்து வந்த நாட்களைத்தான் நான் இப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பிளேடு கூடாது. கொப்புளம் காய்ந்துகொண்டிருக்க, அதன் நடுவே முடி முளைக்கத் தொடங்கியது. அம்மாவைத் தவிர வேறு யாரும் பார்த்திராத அந்த மோவாய்க்கு, காலையும் மாலையும் அத்தைதான் மருந்து தடவினார். நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டு வருவார். முந்திரி உடைத்து உடைத்துக் காய்த்துப்போன விரல்நுனி, முளைத்த முடிமேல் சொரசொரவென்று போகும். நான் முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முடியைப் பற்றி எதுவும் சொல்லாமல், எரியுதா, குறைஞ்சிருக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டே தடவினார். சில நாட்களில் கண்ணைத் திறந்துகொண்டே உட்காரத் தொடங்கினேன்.

ஒருநாள் அவர் தடவிக்கொண்டிருக்கும்போது கணவர் சாப்பிட வந்தார். அத்தை அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இந்த வூட்ல இப்ப ரெண்டு தாடி ஆயிப்போச்சு. இவளுக்காச்சும் டாக்டரு எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஒனக்கு என்னடா கேடு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மோவாய் வலித்தது. வாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கணவரிடம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். நீர்க்கட்டி, மாத்திரை, சவரம் என்று ஒரு ஒழுங்கில் சொல்லி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டேன், ஆய்வகக் கூட்டத்தில் கேட்பது போல. அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "ஷேவ் பண்ணா பொரிப்பொரியா வருமே, ஒனக்கு எப்படி வராம இருக்கு?" என்றார். பிறகுதான் தாடியை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். பழைய பருத் தழும்புகள். அவருக்கும் எண்ணெய் முகம். கடைக்குப் போகிற அவசரத்தில் கழுவாத முகத்தில் பழைய பிளேடைப் போட்டு இழுத்து, ஒவ்வொரு முறையும் பொரித்து, சலித்துப்போய் விட்டுவிட்ட தாடி அது. நான் கற்றுக்கொண்ட முறையை அன்றே அவர் போனுக்கு வரிசையாக எழுதி அனுப்பினேன். இப்படி ஒன்றைக் கேட்க ஒருவர் வருவார் என்று நான் நினைத்ததேயில்லை.

ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு வந்த ஒரு காலையில், கொல்லைக் குழாயடியில் கண்ணாடியை மாட்டி இருவரும் நின்றோம். குளியலறைக்குள் போகத் தோன்றவில்லை. முதலில் அவர் முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வைத்து, கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, ஜெல்லைத் தடவச் சொல்லி, எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று காட்டினேன். ஒரு கன்னம் முடிந்தது. நான் என் முகத்தைக் கழுவிவிட்டு ரேசரை எடுத்தேன். தோப்பிலிருந்து வந்த அத்தை வேலியோரம் நின்றுவிட்டார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா ரெண்டு பேரும் கத்தியத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

எங்கள் பக்கமெல்லாம் செவ்வாய், வெள்ளியில் ஆண்கள் சவரம் செய்துகொள்வதில்லை. என்னை யாரும் இதுவரை அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. பாதி முகத்தோடு நின்ற மகனைப் பார்த்து, நீ தொடங்கிட்ட, முடிச்சுத் தொலை என்றார். என் பக்கம் திரும்பி, "நீ நாளைக்குப் பண்ணிக்கம்மா. இனிமே செவ்வா, வெள்ளி மட்டும் பார்த்துக்க" என்றார்.

சரிங்க அத்தை என்று ரேசரைக் கழுவி வைத்தேன். லோஷனை மட்டும் தடவிக்கொண்டு, முளைத்திருந்த மோவாயோடு அரியலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. துப்பட்டாவை மோவாய்வரை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.