ஒல்லாந்தர் முன்னால் ஒல்லாந்தர் கதை

கற்பிட்டிக் கோட்டைக்குக் கைடாக நான் முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனது ஓர் ஒல்லாந்துப் பெண்மணியையும் அவருடைய கணவரையும். கண்டக்குழியில் லொட்ஜ் நடத்தும் ஹனீபா நானா, ஆள் தேறுவானா என்று பார்க்கக் கூடவே வந்தார். தேறினால் சீசன் முழுக்க வேலை. இல்லாவிட்டால் பழையபடி உப்பளம்தான். வேலை கிடைக்க வேண்டுமென்று மனைவி அன்றைக்கு நோன்பு வேறு பிடித்திருந்தாள்.

வேனில் ஹனீபா நானா காதோடு சொன்னார்: “தம்பி, அந்தப் பொம்பள ஒல்லாந்து. அவங்கட ஆக்கள் ஏமாத்தின கதையச் சொல்லிப் போடாதீங்க. வந்த விருந்தாளிய ஏசுறதில்ல.”

அந்தக் கதையை விட்டால் கோட்டையில் என்ன இருக்கிறது, முருகைக்கல் மதில்தான். கண்டி அரசரின் சரக்குத் தோணிகளை மறிக்கக் களப்பின் வாயில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அது. தேவாலயம் கட்டுகிறோம் என்று அரசரிடம் சொல்லி, வாசலை மட்டும் தேவாலயம் போலக் கட்டிவிட்டு உள்ளே பீரங்கி ஏற்றினார்களாம். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் வாசலில் நின்று, தந்திரம் முழுக்க முன்பிருந்த போர்த்துக்கேயருடையது என்றேன். கணவர் சிரித்தபடி கையைத் தூக்கினார். மனிதர் போர்த்துக்கல்காரர். ஹனீபா நானா வானத்தைப் பார்த்தார்.

சரி, ஆளில்லாத பக்கம் போடுவோம் என்று, பிழை கண்டி அரசருடையது, ஒரு தரம் வந்து பார்த்திருக்கலாமே என்றேன். கோட்டை இப்போது நேவியின் கையில். நேவிக்காரர் ஒருவர் கூடவே வராமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பின்னால் வந்தவர் தொண்டையைச் செருமினார்.

“நாங் கண்டிதானே, மாத்தயா.”

இனி ஆங்கிலேயர்தான் மிச்சம். அவர்களையும் இழுக்க வாயெடுத்தபோது பெண்மணி மறித்தார். பொய் கேட்க இவ்வளவு தூரம் வரவில்லை, எங்கள் ஆட்கள் செய்ததைச் சொல்லுங்கள் என்றார். மதிலில் ஏறிக் களப்பைக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். நேவிக்காரரும் கிட்ட வந்து கேட்டார்.

இறங்கும்போது, நீங்கள் இந்த ஊரா என்றார் அந்தப் பெண்மணி. மன்னார் என்றேன். ஏன் இங்கே வந்தீர்கள் என்றார். யார் கேட்டாலும் ‘யுத்தம், வந்திட்டம்’ என்று முடித்துவிடுவேன். கேட்பவர் தமிழராக இருந்தால் சங்கடப்படுவாரே என்று பழகிய பதில் அது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. துவக்கோடு வந்த தமிழ் இயக்கக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள், உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம், வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பைக்கூட அவர்களிடம்தான் கொடுத்தார் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

 வேனில் ஹனீபா நானா மெதுவாகச் சொன்னார்:

“இத்தன வருஷமா பக்கத்துல இருக்கீங்க. நான் ஒரு நாளும் கேக்கல்லயே, தம்பி.”

அடுத்த நாளும் வரச் சொன்னார். கைட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: செய்தது யார் என்பதை விழுங்காதீர்கள். கேட்கிறவர் தாங்கிக்கொள்வார். விழுங்கினால் நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.