கிணற்றடி மருதாணி

பக்கத்து வீட்டில் யாரோ பச்சை மருதாணி அரைக்கிறார்கள். அந்த வாசத்துக்கு என் உள்ளங்கை இன்றும் கயிறு உரசியதுபோல் எரிகிறது.

பிரெஞ்சுக்காரர் போவதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடம், காரைக்காலில் ஐப்பசி மழை பொய்த்தது. சைகோனுக்குக் கப்பலேறிய வாப்பாவிடமிருந்து ஏழெட்டு மாதமாகக் கடிதம் இல்லை. அவர் நட்டுவிட்டுப் போன மருதாணிக்கு மார்கழிப் பனி விழுமுன் வேர் நனைய வேண்டும் என்று உம்மா சொல்ல, தினமும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் நான் இறைப்பேன். ராட்டினம் கிறீச்சிடும், வாளி அடித்தரையில் இடிக்கும், வெந்த மண் அவ்வளவையும் உறிஞ்சிவிட்டு மறுபடி வாயைப் பிளக்கும்.

"இன்னும் ரெண்டு வாளி ஊத்தும்மா. வாப்பா வர்றப்ப கை செவக்க வேணாமா?" என்பாள் உம்மா.

ஒருநாள் அந்தத் தண்ணீரில் முகம் கழுவும்போது உதட்டில் கரித்தது. இறைக்க இறைக்கக் கிணற்றுக்குள் கடல் ஊறியிருந்தது. இலைகள் கருகிக்கொண்டிருந்தன. சொல்லிவிட்டால் உம்மாவுக்குக் காத்திருக்க எதுவும் மிஞ்சாது என்று பயந்து, தெரிந்தே ஊற்றினேன். மார்கழியில் செடி விறகானது. வாப்பா வரவேயில்லை.

நான்தான் மறைத்தேன் என்று இத்தனை வருடம் மருகியிருக்கிறேன். இன்றுதான் உறைக்கிறது: அதே தண்ணீரில்தான் உம்மா ஐந்து வேளைத் தொழுகைக்கு முன்னும் வாய் கொப்பளித்து, முகம் கைகால் கழுவி ஒளு செய்தாள்.