வீடே பதில் சொன்ன கேள்விகள்

எங்கள் தெருவில் யாரைப் பற்றியும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "அவன் ஒரு டைப்பு." முடிச்சூரில் நான் வளர்ந்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். அந்த 'டைப்பு' என்றால் என்ன என்று ஆராய்வதற்குத் தனியாக ஒரு படிப்பே இருக்கிறது என்பது உளவியல் முதுகலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புத்தகத்தில் எது இருந்தாலும் வாய் பிளந்து படிக்கிற வயது.

உள்முகம், வெளிமுகம் என்று மனிதர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்த பழைய முறைகளை முதலில் படித்தோம். பிறகு பண்புகளை அளக்கும் முறை வந்தது. கலகலப்பு, ஒழுங்கு, பதற்றம் எல்லாம் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் கூடும் குறையும், பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள் என்றது அது. எனக்கு அந்தப் பெட்டிகளைக் கைவிட மனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்புத் தோழி, "சுவிட்ச் இல்லடா, ஃபேன் ரெகுலேட்டர்" என்றாள். அவள் சேலையூர்க்காரி, அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஒரு பக்கத்துப் பாடத்தை அவள் ஒரு வரியில் சொல்லிவிடுவாள்.

செய்முறைக்காக இரண்டிரண்டு பேராகப் போய் யாராவது ஒருவரிடம் இந்தப் பண்புகளை அளக்கும் கேள்விகளைக் கேட்டுப் பதில்களை எழுதி வரவேண்டும். என் அக்காவைக் கேட்கலாம் என்றேன்.

அக்கா எட்டாவதோடு நின்றவள். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறாள். கூடுவாஞ்சேரியில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளையே ஒரு மாடிக்குப் பொறுப்பாளராகப் போகச் சொல்லி மேனேஜர் கேட்டிருந்தார். புதுப் பெண்களைப் பழக்கவேண்டும், சண்டைக்கு வரும் வாடிக்கையாளரைச் சமாளிக்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். "எனக்கு ஆசதான்டா. ஆனா நான் அந்த டைப்பு இல்லியே" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் தோழி வந்தாள். அக்காவைச் சுற்றி அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான், ஒருவரைக் கேட்டால் வீட்டையே கேட்ட மாதிரி.

"புதுசா ஒருத்தரப் பாத்தா நீங்களா போய்ப் பேசுவீங்களா அக்கா?"

"இவளா? இன்னாமா நீ வேற" என்று அம்மா சிரித்தாள். "வாயில்லாப் பூச்சி இவ."

"பஸ்ல எவனாச்சும் கால மிதிச்சாகூட இவதான் ஸாரி சொல்லுவா" என்றார் அப்பா.

அக்காவும் சிரித்துக்கொண்டே, "அதயே எழுதிக்கோமா" என்றாள். நான் எழுதப் போனேன். தோழி என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா தனியா சொல்லணும், அதான் ரூல். நாங்க மொட்டை மாடிக்குப் போயிட்டு வரோம்."

"இன்னா ரகசியமோ!" என்றாள் அம்மா.

"போறதுதான் போறீங்க, காயற துணிய எடுத்தாந்துடுங்க" என்றார் அப்பா.

படியேறும்போது தோழி என்னிடம், "நீ எழுதுறதோட சரி. வாயத் திறக்காத. நீயும் இந்த வீடுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

மேலே அதே கேள்வியை மறுபடி கேட்டாள். 'இல்லவே இல்லை' என்றால் ஒன்று, 'ரொம்ப' என்றால் ஐந்து. கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டிருந்த அக்கா யோசித்தாள்.

"வூட்லயா, கடைலயா?"

'நீங்களே சொல்லுங்க' என்பதுபோல் தோழி அடுத்த துணியை உருவி அவளிடம் நீட்டினாள்.

"கடைல நானாதான்மா போய்ப் பேசணும். கூறப்புடவ எடுக்க ஒரு வேன் ஆளு வரும். பொண்ணோட அம்மா ஒரு கலர் சொல்லும், மாப்ள வூட்ல வேற ஒண்ணு சொல்லுவாங்க. கல்யாணப் பொண்ணு மூஞ்சி தொங்கிப்பூடும். நடுவுல பூந்து எல்லாரயும் ஒரே புடவைல கொண்ணாந்து நிறுத்தறது நான்தான்."

"அப்போ எத்தன போடட்டும்?"

"வூட்ல ஒண்ணு. கடைல அஞ்சு." அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நடுவுல போட்டுக்கோ, போ."

மற்ற கேள்விகளுக்கும் அப்படியே நிதானமாகப் பதில் சொன்னாள். துணியெல்லாம் மடித்து முடித்ததும், "அப்போ அந்த வேலைக்கி நான் சரிப்படுவனாமா?" என்று கேட்டாள்.

"இது வேலைக்கு ஆள் எடுக்கிற டெஸ்ட் இல்லக்கா, நாங்க பழகறதுக்கு. அத நான் சொல்லக்கூடாது" என்றாள் தோழி. பிறகு சற்று யோசித்து, "ஆனா நீங்க இப்ப சொன்னதயெல்லாம் நீங்களே கேட்டீங்க இல்ல?" என்றாள்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் 'கண்டிப்பா போக்கா' என்று குதித்திருப்பேன். இன்றைக்கு ஒரு ஆலோசனை மையத்தில் பயிற்சியில் இருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பதிலை அவருக்கே விட்டுவைக்கும் அந்தப் பொறுமை எனக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

கீழே வந்ததும் அம்மா, "இன்னாடி, ரிசல்ட்டு இன்னா வந்துச்சு?" என்றாள். அக்கா துணிமூட்டையைக் கட்டிலில் போட்டாள். போனை எடுத்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றபடியே பேசினாள்.

"சார், கூடுவாஞ்சேரிக்கி நான் போறேன் சார்... இல்ல சார், வூட்ல கேக்கத் தேவல்ல. நான்தான் சொல்றனே."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஆன்ட்டி, ஒரு காபி கிடைக்குமா?" என்றாள் என் தோழி.