எலுமிச்சை அழகியின் புழுக்கள்

பூச்சிகளைப் பிடிப்பதும் கொல்வதும் கூடாது என்கிறது வாசல் பலகையின் நான்காவது விதி. ஆவடி பேருந்து அம்பத்தூர் தாண்டிப் பழுதாகி நிற்பதால், அடுத்த வண்டி வரும்வரை இந்தப் பூங்காவில் காத்திருக்கிறேன். தகைவிலான் குருவிபோல் வாலுள்ள வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைத் தமிழில் அழகிகள் என்கிறோம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, ரோஜா அழகி என்று இங்கே படப் பலகைகள். எதிர்க் குடியிருப்பின் மூன்று கட்டடங்களுக்கும் அதே பெயர்கள். முனையில் 'ரோஜா அழகி' பியூட்டி பார்லர். பறப்பதுதான் ஒன்றுமில்லை.

எலுமிச்சைச் செடியருகே தோட்ட வேலை பார்க்கும் பெண், பச்சைப் புழுக்களைப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுகிறார். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்கிறேன்.

"அம்மா, இந்தப் புழுதாம்மா போர்டுல இருக்கற பூச்சியா மாறும்!"

"தெரியும் சார். இலைல ஓட்ட கீதுன்னா சூப்ரவைசரு ஆப்சென்ட் போட்டுர்றாரு. பட்ச்சவரு, நீங்களே அவராண்ட சொல்லுங்களேன்."

"எழுதியே குடுக்கறேன்."

"எய்துங்க. வேலைக்கு வேட்டு வெச்சிராதீங்க."

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், புழுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்கக் கோரி, விதி எண்ணுடன் மனு எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வண்டி ஏறுகிறேன்.

'தாங்கள் தெரிவித்த புழுத் தொல்லைக்குப் பொறுப்பான பணியாளர் நீக்கப்பட்டார். இனி வாரம் இருமுறை மருந்து தெளிக்கப்படும்.' பூங்கா நிர்வாகத்தின் இந்தப் பதில் என் கைக்கு வந்தது ஐப்பசி முதல் தேதி.