மிக்ஸிக்கு அடியில் கிடந்த குஷன்

ஈஜிபுராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், மிக்ஸிக்கு அடியில் பல வருடமாக ஒரு குஷன் கிடந்தது. அரைக்கிற சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்காமலிருக்கப் போட்டது. கட்டம் போட்ட சட்டைத்துணி உறை. பின்பக்க விளிம்பின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. தைத்தவள் காலர் அக்கா. பறித்தவள் நான்.

அப்போது கார்மெண்ட்ஸில் நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் காலர் தைத்ததால் அவளுக்கு அந்தப் பெயர். கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தவள், பத்து நாள் கழித்து இந்தக் குஷனோடு வந்தாள். வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வரும் வாரம் அது. எல்லா ஸ்டூலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. உத்தரவு அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. குஷனை உருவிக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மகாராணிக்குச் சிம்மாசனம் கேக்குதோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது இனித்தது, பொய் சொல்வானேன்.

அக்கா அழவில்லை. "உக்கார முடியலம்மா. நின்னுட்டே தைக்கிறேன், மெஷினை மட்டும் எடுத்துடாதே" என்றாள். அவளும் இரண்டு பிள்ளைகளும் அந்த மெஷினை நம்பித்தான் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். மூன்று நாள் குனிந்து நின்று ஒற்றைக்காலால் பெடலை மிதித்தாள். நான்காம் நாள் காலர்கள் கோணலாக வந்தன. நானே மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்து அவளை வேலையைவிட்டு அனுப்பினேன். குஷனை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நல்ல ஸ்பாஞ்ச், வீணாவானேன்?

போன மாதம் சிவாஜிநகரில் பஸ் படியிலிருந்து நான் விழுந்தேன். டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பைத் திருப்பிக் காட்டினார். பின்னால் ஒரு முக்கோண எலும்பு. அதன் கீழே, நாலைந்து சின்ன எலும்புகள் ஒட்டி, நுனி உள்பக்கம் வளைந்த வால் எலும்பு. நேராக உட்கார்ந்தால் பாரம் இரண்டு பக்க எலும்புகள்மேல் போகும், சாய்ந்தால் இதன்மேல் இறங்கும் என்றார். "இதுக்குக் கட்டுப் போட முடியாதும்மா. பின்னால வெட்டு விட்ட குஷன் போட்டு உக்காருங்க." நாற்காலி இருந்தும் நான் நின்றுகொண்டேதான் கேட்டேன்.

மெடிக்கலில் வாங்கிய வட்டக் குஷன் குத்தியது. கடைசியில் மிக்ஸியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சட்னிக் கறை படிந்த அக்காவின் குஷனில் உட்கார்ந்தேன். வெட்டு எலும்புக்குச் சரியாக வந்தது. வலி விட்டது. வெட்கத்தில் அழுதேன். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான், நடந்தே போகலாம். இன்னும் போகவில்லை. குஷனைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமே.